சேர்க்கை முதலில், சான்றிதழ் பிறகு: சேலம், ஏற்காடு பெற்றோருக்கான பள்ளி உரிமை வழிகாட்டி

பேச்சோ நடையோ கேட்கும் திறனோ சரியாக அமையாத பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு, ஏற்காடு மலைக் கிராமங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம்." அட்டைக்கு மலையிறங்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மருத்துவர் அன்று இல்லை என்றால் இன்னொரு நாள், இன்னொரு கூலி. இப்படியே ஜூன் போய் டிசம்பர் வந்துவிடும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாயோடு பிள்ளையும் தோட்டத்துக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று வீடும் பள்ளியும் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

இந்த வரிசையே தவறு. சட்டம் சொல்லும் வரிசையில் சேர்க்கைதான் முதலில் வருகிறது. மதிப்பீடு, அட்டை, உதவித்தொகை எல்லாம் பிள்ளை வருகைப் பதிவேட்டில் ஏறிய பிறகு, பள்ளியின் துணையோடு நடக்க வேண்டியவை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்து மலையாளி பழங்குடிக் குடும்பங்களையும், மலைக்குக் கீழே தறியிலும் கொலுசுப் பட்டறையிலும் வேலை செய்யும் குடும்பங்களையும், காப்பித் தோட்டங்களுக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டிய இரண்டு சட்டங்கள்

முதலாவது, 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அருகமைப் பள்ளியில் கட்டணமில்லாக் கல்வி உரிமை. 2012 திருத்தத்தில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் 'நலிவடைந்த பிரிவினர்' என்ற வரையறைக்குள் தெளிவாகச் சேர்க்கப்பட்டார்கள்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு 7 வகையாக இருந்த பட்டியல் இதில் 21 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, தலசீமியா, அரிவாளணு ரத்தசோகை எல்லாம் இந்தப் பட்டியலில் உள்ளன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி என்கிறது பிரிவு 31. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் தேர்வு. பள்ளி முடிவு செய்து அனுப்புவதில்லை.

பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மனு எழுதும்போது எண்ணைப் போட்டு எழுதுங்கள். எண் இருக்கும் மனுவைத் தட்டிக்கழிக்க எந்த அலுவலகமும் கொஞ்சம் யோசிக்கும்.

முதல் படி: பிள்ளையைக் கவனித்து எழுதி வையுங்கள்

மலையில் பல பிள்ளைகளின் குறைபாடு கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. 'மந்தம்', 'பிடிவாதம்', 'சொன்ன பேச்சு கேட்காது' என்ற மூன்று பெயர்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. இவற்றில் மூன்றாவதை அப்படியே நேர்பொருளில் எடுத்துச் சோதியுங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, நிழல் விழாமல், கை தட்டாமல், சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வலப் பக்கம் ஒரு முறை, இடப் பக்கம் ஒரு முறை. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது மட்டும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். காதில் அடிக்கடி சீழ் வடிந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவுக் குறைபாடு என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு உண்மையில் காது மட்டுமே கேட்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் தேவைப்படும் உதவி முற்றிலும் வேறு.

பார்வையும் அப்படியே. கண்ணாடி போட்டால் தீரக்கூடிய சிக்கல், படிப்பு வராத பிள்ளை என்ற பெயராக மாறிவிடக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009 முதல் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அந்தக் குழு எப்போது வரும் என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

ஒரு தாளில், தேதி போட்டு, பிள்ளையால் என்ன முடிகிறது, எதில் உதவி தேவைப்படுகிறது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். முடிவதை முதலில் எழுதுங்கள். "தானே சாப்பிடுகிறான், ஆடு ஓட்டிப்போய் எண்ணிக் கூட்டி வருகிறான், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறான், மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை, பென்சில் பிடித்தால் கை நடுங்குகிறது." மருத்துவரும் சிறப்பாசிரியரும் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். கூட்டமும் புதிய இடமும் பார்த்துப் பயந்த பிள்ளை அன்று வாயே திறக்காமல் போகலாம். அந்த நேரத்தில் பேசப்போவது இந்தத் தாள். எழுதத் தெரியாத பெற்றோர் அங்கன்வாடிப் பணியாளரிடமோ வீட்டில் படிக்கும் மூத்த பிள்ளையிடமோ சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

6 வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் காத்திருக்கவே கூடாது. தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வருகின்றன. அவர்கள் பரிந்துரைக்கும் பிள்ளைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பார்ப்பார்கள். சேலத்தில் இதற்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் என்ற உள்காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. ஆனால் அது 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். 4 வயதில் "வளர்ந்தால் பேசுவான்" என்று விட்டுவிட்டு 7 வயதில் போய் நின்றால் அந்த வாய்ப்பு போய்விடும். இந்த ஒரு செய்தியை உங்கள் ஊர்ப் பெண்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இரண்டாம் படி: சேர்க்கை

பிறப்புச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 14 அதைத் தடுக்கிறது. மருத்துவமனை அல்லது கிராம செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் வயதைக் குறிப்பிட்டுத் தரும் உறுதிமொழி போதும். ஜூன் மாதம் தாண்டிவிட்டது என்றும் மறுக்க முடியாது. அது பிரிவு 15. நுழைவுத் தேர்வு வைக்கவோ பெற்றோரை நேர்காணல் செய்யவோ கூடாது. அது பிரிவு 13. 9 வயதுப் பிள்ளை பள்ளி வாசலையே மிதித்ததில்லை என்றாலும் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அது பிரிவு 4. வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்திருக்கிறது.

தமிழ்நாட்டின் விதிகள்படி 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது சமவெளி ஒரு கிலோமீட்டர் அல்ல. தூரத்தோடு ஏற்றம், ஓடை, மழைக்காலத்தில் வழி அடைபடுவது, காட்டு விலங்கு பயம் ஆகியவற்றையும் மனுவில் எழுதுங்கள். போக்குவரத்து அல்லது துணையாள் வசதியை அந்த அடிப்படையில்தான் கேட்க வேண்டும்.

சேர்க்கையை வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். நான் பெற்றோருக்குப் பரிந்துரைக்கும் மனு இவ்வளவுதான்:

"தலைமையாசிரியர் அவர்களுக்கு, என் மகளுக்கு வயது 7. எங்கள் குடியிருப்பு இந்தப் பள்ளியின் எல்லைக்குள் உள்ளது. அவளை 2ஆம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குக் கேட்கும் திறன் குறைவு என்று கருதுகிறோம். மருத்துவ மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவுகள் 3, 4, 14, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 ஆகியவற்றின்படி சேர்க்கை வழங்கி, அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அவள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். சேர்க்கை வழங்க இயலாவிட்டால் காரணத்தை எழுத்தில் தரவும்."

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியும் கையொப்பமும் பெறுங்கள். கையொப்பம் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதே மனுவை அஞ்சலகத்தில் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கடைசி வரியைப் படித்த பிறகு பெரும்பாலான பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். மறுப்பை எழுத்தில் தர யாரும் விரும்புவதில்லை.

சேர்ந்தவுடன் ஒரு வேலை இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையப் பதிவில் பிள்ளையின் பெயர் ஏறியதா, மாற்றுத்திறன் வகை அதில் குறிக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வகை குறிக்கப்படாத பிள்ளை சிறப்பாசிரியரின் பட்டியலில் வராமல் போய்விடும்.

தனியார் பள்ளியை நாடுகிறவர்களுக்கு 25 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. எல்.கே.ஜி. அல்லது 1ஆம் வகுப்பு, எது நுழைவு வகுப்போ அதில் மட்டும். வருமான அடிப்படையில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பழங்குடியினர், ஆதிதிராவிடர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் முதலிய நலிவடைந்த பிரிவினருக்கு அந்த வரம்பு இல்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை, ஆதரவற்ற பிள்ளை, தூய்மைப் பணியாளரின் பிள்ளை ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை தரப்படுகிறது. விண்ணப்பம் வழக்கமாகக் கோடையில் இணையம் வழியே வரும். 2025இல் ஒன்றிய அரசின் நிதி தாமதமானதால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஆகவே தேதியை நம்பி உட்காராமல் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே இருங்கள். இன்னொன்று: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஏற்காட்டின் பெயர்பெற்ற பழைய விடுதிப் பள்ளிகள் கிறித்தவ சபைகள் தொடங்கியவை. உங்கள் எல்லைக்குள் இருக்கும் பள்ளி இந்த ஒதுக்கீட்டுக்குள் வருகிறதா என்று இணையப் பட்டியலில் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

மூன்றாம் படி: மதிப்பீட்டு முகாமும் அடையாள அட்டையும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் அந்த மையத்தின் கீழ்தான் வருகிறார்கள். ஆண்டுதோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாமையும் அவர்களே நடத்துகிறார்கள். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநல மருத்துவர்கள் ஒரே இடத்துக்கு வருவதால், மலையிறங்கி ஒவ்வொரு பிரிவாக அலைவதைவிட முகாமே நல்லது. முகாம் தேதி உங்களுக்கு வந்து சேரும் என்று எண்ணாதீர்கள். சிறப்பாசிரியரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று கோட்டைவிட்டால் மாதங்கள் போய்விடும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பிள்ளையின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பழைய மருந்துச் சீட்டுகள், நீங்கள் எழுதிய அந்தத் தாள் ஆகியவற்றை ஒரே உறையில் போடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முந்தைய வாரமே பாருங்கள். முதலெழுத்து மாறியிருந்தால்கூட இணையப் பதிவு நின்றுவிடும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அன்றும் நேரத்துக்குக் கொடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையில் கொண்டுபோங்கள், வரிசை நீளமாக இருக்கும். விடியற்காலையில் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போன பிள்ளையை நேராக மருத்துவர் முன் நிறுத்தாதீர்கள். முகம் கழுவி, ஏதாவது சாப்பிட வைத்து, பிறகு போங்கள். அறிவுத்திறன் சோதனையில் பிள்ளை ஒத்துழைக்கவே இல்லை என்றால், இன்னொரு நாள் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பேசும் மொழியும் முக்கியம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிறது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் தெரியாததை அறிவுக் குறைபாடாக யாரும் எழுதிவிடக் கூடாது.

இந்த மதிப்பீட்டிலிருந்துதான் நாடு முழுவதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை வருகிறது. 40 விழுக்காட்டுக்குக் கீழே வெள்ளைப் பட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். முகாமைத் தவறவிட்டவர்கள் சேலம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எந்த நாளில் எந்த மருத்துவர் வருவார் என்று விசாரித்துவிட்டுப் போகலாம். அட்டை கைக்கு வந்தவுடன் அது நிரந்தரமா, தற்காலிகமா என்று பாருங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் தருவார்கள். கற்றல் குறைபாட்டுச் சான்று 8 வயதுக்கு மேல்தான் தரப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. 10ஆம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் காலாவதியாகிவிட்ட சான்றோடு ஓடுவது வேண்டாத துன்பம்.

30 விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். 40 என்பது உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்குமான கோடு. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்வதும் தேவைக்கேற்ற வசதி செய்து தருவதும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 16இன் கடமைகள். அந்தக் கடமைகளுக்கு விழுக்காடு கிடையாது.

பழங்குடிக் குடும்பங்களுக்கு: சாதிச் சான்றை 5ஆம் வகுப்பிலேயே வாங்கிவிடுங்கள்

சேலம் மாவட்ட மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். ஆனால் பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, தாமதமும் உண்டு. 6ஆம் வகுப்புச் சேர்க்கை நெருங்கும்போது விண்ணப்பித்தால் கைக்கு வராது. பெற்றோரின் சான்று, தாத்தா காலத்து நில ஆவணம், உறவினரின் சான்று ஆகியவற்றைச் சேர்த்து இ-சேவை மையத்தில் பிள்ளை 5ஆம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தச் சான்றோடுதான் பெத்தநாயக்கன்பாளையம் வட்டம் அபிநவத்தில் உள்ள ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியின் 6ஆம் வகுப்புக்கு முயலலாம். ஏகலைவா பள்ளிகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் தனி. விடுதிக்கு அனுப்பும் முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா, இரவில் பெண் காப்பாளர் தங்குகிறாரா, உடல்நிலை சரியில்லாத பிள்ளையை யார் மலைக்குக் கீழே கூட்டிப்போவார் என்று கேளுங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை என்றால் இந்தக் கேள்விகள் இரட்டிப்பாகும். பக்கத்தில் பள்ளியும் துணையாளும் கிடைத்தால், சின்ன வயதில் வீட்டிலிருந்து போய்வருவதே மேல் என்று நினைக்கிறேன். விடுதியைவிட்டால் வேறு பள்ளியே இல்லாத குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்கே விடுதியே படிப்பு.

நான்காம் படி: வகுப்பறைக்குள் என்ன கேட்பது

சேர்க்கை கிடைத்த பிறகு பிள்ளை கடைசிப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் உள்ளடக்கிய கல்வி இல்லை. ஜூலைக்குள் வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர் மூவரும் ஒரு முறை சேர்ந்து உட்கார வேண்டும். பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுதக் கேளுங்கள். "முன்னேற்றம் காண்பான்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "அரையாண்டுத் தேர்வுக்குள் தன் பெயரைத் தானே எழுதுவான், 20 வரை பொருளை வைத்து எண்ணுவான்" என்பதைப் போல அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

வசதிகள் பெரும்பாலும் செலவே இல்லாதவை. காது குறைவான பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் தெரியும் முன்வரிசை, வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும்படியான இடம். பார்வை குறைவானவருக்குக் கரும்பலகைக்கு அருகில் போய்ப் பார்க்கும் அனுமதி, பெரிய எழுத்துப் பிரதி. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. கழிப்பறையை மட்டும் தனியாக எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் மாற்றுத்திறன் கொண்ட பெண் பிள்ளைகள் 12, 13 வயதில் பள்ளியை விட்டு நிற்பதற்கு அது பெரிய காரணம். கைப்பிடிக் கம்பியும் சரிவுப் பாதையும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாகப் போனால் வேகமாக நகரும். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் தர வேண்டும். குழு மாற்றியமைக்கப்படும் நாளில் கட்டாயம் போய் உட்காருங்கள்.

சிறப்பாசிரியர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருவார்? தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், உயர் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது, 2021இல் உச்ச நீதிமன்றம் விகிதம் வகுக்கச் சொன்ன பிறகு, 2022இல் ஒன்றிய அரசு விதியாக அறிவித்த அளவு. நடப்பு அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஒருவரே பல பள்ளிகளுக்கு, அதுவும் தொகுப்பூதியத்தில், பேருந்து பிடித்து ஓடுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் வரும் கிழமையைத் தெரிந்துகொண்டு அன்று பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள், சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்யுங்கள். பணியிடத்தை நிரப்பக் கேட்டு மேலாண்மைக் குழு மூலம் மனு அனுப்புங்கள்.

எழுந்து நடமாட முடியாத, கடும் பாதிப்புள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. 2012 திருத்தம் இதைக் குடும்பத்தின் தேர்வாக வைத்தது. பள்ளியே "இவனுக்கு வீட்டுவழிதான் சரி" என்று தள்ளிவிட அந்தத் திருத்தத்தில் இடமில்லை. வீட்டுவழியில் இருந்தாலும் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பாடநூல், சீருடை, மற்ற விலையில்லாப் பொருட்கள் வீடு தேடி வர வேண்டும். விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாவது போங்கள். மற்ற பிள்ளைகள் அவனைப் பார்க்கட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.

அறுவடைக் காலத்துக்கு ஒரு சொல். காப்பிக்கும் மிளகுக்கும் போகும் மாதங்களில் பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் பள்ளி இடைநின்றவர் பட்டியலில் சேர்த்துவிடும். தோட்டத்திலேயே தங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தோட்டத்துக்கு அருகில் உள்ள பள்ளியில் தற்காலிகமாக உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். சேலத்துப் பட்டறைகளிலும் தறிகளிலும் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதும் பள்ளி நேரத்துக்கு வெளியேதான். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

பணம், பயணம்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கு 1ஆம் வகுப்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அறிவுத்திறன் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச் சிதைவு ஆகியவை உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவி 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன்வருபவர் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம். 8ஆம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வை எழுத வையுங்கள். தேறினால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் பிள்ளை பெயரில் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும்.

ஐந்தாம் படி: பொதுத் தேர்வுச் சலுகைகள்

9ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு, தரைத்தளத் தேர்வறை ஆகிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாக மருத்துவச் சான்றோடு போக வேண்டும். எழுதுபவரோடு பழகாத பிள்ளை தேர்வு நாளில் திணறிப்போகும். 'கமா போடுங்கள், அடுத்த பத்தி' என்று சொல்லக்கூட ஒரு பயிற்சி வேண்டும். 9ஆம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே அதே முறையில் எழுத வைக்கப் பள்ளியைக் கேளுங்கள். மொழி விலக்கு கேட்கும் முன் பிள்ளை பிறகு எந்தப் படிப்புக்குப் போக விரும்புகிறது என்று பேசிவிடுங்கள். வழக்கமான பாடத்திட்டம் எந்த விதத்திலும் ஒத்துவராத பிள்ளைக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி இருக்கிறது. ஒவ்வொரு பாடமாக, தன் வேகத்தில் எழுதலாம்.

மறுத்தால் எங்கே போவது

முதலில் பள்ளிக் கல்வி உதவி எண் 14417. அழைத்த தேதியையும் தரப்படும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்து மனு: வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு, பதில் தர வேண்டிய கட்டாயமும் உண்டு. மலையிறங்க முடியாதவர்கள் முதலமைச்சர் உதவி மைய எண் 1100க்கு அழைக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32இன் கீழ் கொடுக்கும் புகாரை 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. மாற்றுத்திறன் காரணமாகவே மறுப்பு என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் நேரடியாக எழுதலாம்.

எங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது, எங்கள் ஒன்றியத்தில் எத்தனை சிறப்பாசிரியர் பணியிடம் காலி என்று தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியாகப் போகாதீர்கள். ஒரே குடியிருப்பிலிருந்து மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து போனால் கிடைக்கும் கவனமே வேறு.

12ஆம் வகுப்பைத் தாண்டும்போது

அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் 5 விழுக்காடு இடஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஓராண்டு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

18 வயது ஆனவுடன் சட்டப்படி பிள்ளை வயதுவந்தவர். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலரை நியமிக்க ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 17 வயது முடியும்போதே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். பார்வை, கேட்கும் திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றில் மட்டும் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பாதுகாவலர் சான்று தேவையே இல்லை. கல்லூரியோ வங்கியோ கேட்டால், தன் கையொப்பமே செல்லும் என்று பிள்ளையே சொல்லலாம்.